டிஎன்ஏ வைரஸையும் ஆர்என்ஏ வைரஸையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

உங்கள் அப்பாவின் பரிசோதனை அறிக்கையில் ‘எச்பிவி டிஎன்ஏ’ (ஹெபடைடிஸ் பி வைரஸின் டிஎன்ஏ) என்றும், சித்தப்பாவின் அறிக்கையில் ‘எச்சிவி ஆர்என்ஏ’ (ஹெபடைடிஸ் சி வைரஸின் ஆர்என்ஏ) என்றும் அச்சிட்டிருப்பதைக் குறிப்பிட்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களாக இருக்கும்போது ஒன்றில் டிஎன்ஏவையும் மற்றொன்றில் ஆர்என்ஏவையும் ஏன் அளக்கிறார்கள்? ஒரு வைரஸ் எந்த வகை என்பதை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? சித்தப்பாவுக்கு 12 வாரங்களில் முடிந்துபோன மருந்து அப்பாவுக்கு மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது? இந்த மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒரு வைரஸ் தன்னை நகலெடுத்துக்கொள்ளும் வேலையை யாருடைய கருவிகளைக் கொண்டு, செல்லின் எந்த இடத்தில் முடித்துக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நோயின் பெயரை வைத்தோ அறிகுறியை வைத்தோ இந்தப் பிரிவைச் செய்ய முடியாது. நாம் ‘அம்மை’ என்ற ஒரே சொல்லால் அழைப்பவற்றுள் பெரியம்மையும் சின்னம்மையும் டிஎன்ஏ வைரஸால் வருபவை. தட்டம்மை ஆர்என்ஏ வைரஸால் வருவது. ‘மஞ்சள் காமாலை’ என்ற பெயரில் வரும் கல்லீரல் அழற்சிக்குக் காரணமான வைரஸ்கள் ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து. அவற்றுள் பி மட்டுமே டிஎன்ஏ வைரஸ், மற்ற நான்கும் ஆர்என்ஏ வைரஸ்கள், அந்த நான்குமே ஒன்றுக்கொன்று உறவில்லாத வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. எனவே உங்கள் வீட்டில் இருவருக்கும் வந்தது ‘ஒரே வியாதியின் இரண்டு வகை’ என்று எண்ண வேண்டாம். பாதிக்கப்பட்ட உறுப்புதான் ஒன்று. பாதித்த உயிர்ப்பொருள்கள் முற்றிலும் வேறு.

நம் செல்லின் உட்கருவுக்குள் டிஎன்ஏ இருக்கிறது. அதை நகலெடுக்கும் நொதியும், அதிலிருந்து தூதுவ ஆர்என்ஏவைப் படியெடுக்கும் நொதியும் அங்கேயே இருக்கின்றன. அந்தத் தூதுவ ஆர்என்ஏ, உட்கருவுக்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்துக்கு வந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் புரதமாக மொழிபெயர்க்கப்படுகிறது. ஆகவே டிஎன்ஏ வைரஸ் ஒன்று உட்கருவுக்குள் நுழைந்துவிட்டால், செல்லிடம் ஏற்கெனவே உள்ள கருவிகளைக் கொண்டே பெரும்பாலான வேலையை நடத்திக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஆர்என்ஏவைப் பார்த்து இன்னொரு முழுநீள ஆர்என்ஏவை எழுதும் தேவை மனித செல்லுக்குத் தன் சொந்த வாழ்க்கையில் இல்லை. அதனால் வைரஸின் ஆர்என்ஏவை நகலெடுத்துத் தரக்கூடிய நொதியும் அதனிடம் இல்லை. ஆர்என்ஏ வைரஸ் அந்த நொதிக்கான மரபணுவைத் தன்னோடு கொண்டுவந்தாக வேண்டும். ஹெபடைடிஸ் டி மட்டும் ஒரு வியப்பான விலக்கு: சுமார் 1,700 எழுத்துகளே (மரபு இழையில் வரிசையாக இருக்கும் வேதி அலகுகளை இப்படிச் சொல்கிறேன்) கொண்ட அந்தச் சிறிய வைரஸ், டிஎன்ஏவைப் படிப்பதற்கென்று இருக்கும் செல்லின் நொதியையே ஏமாற்றித் தன் ஆர்என்ஏவைப் படிக்க வைக்கிறது.

வேதியியல் அளவில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. டிஎன்ஏவின் சர்க்கரையில் இரண்டாம் கார்பனில் வெறும் ஹைட்ரஜன் இருக்கிறது. ஆர்என்ஏவின் சர்க்கரையில் அதே இடத்தில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. டிஎன்ஏவில் தைமின் என்ற எழுத்து இருக்கும் இடத்தில் ஆர்என்ஏவில் யுராசில் இருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஒற்றை ஹைட்ராக்சில் தொகுதி தன் பக்கத்தில் உள்ள பாஸ்பேட் பிணைப்பையே தாக்கி இழையை அறுத்துவிடும் இயல்பு கொண்டது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு வைத்தால் ஆர்என்ஏ துண்டுதுண்டாகிவிடும். டிஎன்ஏவின் இரு இழைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியுமே தவிர இழை அறாது. ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் இதைக் கைப்பட உணர்ந்திருப்பார்கள். நான் பயிற்சி பெற்ற காலத்தில், பிரித்தெடுத்த ஆர்என்ஏ இருந்த சிறு குழாயின் மூடியை ஒருமுறை கையுறை இல்லாமல் திறந்துவிட்டேன். அடுத்த நாள் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தபோது தெளிவான பட்டைகள் வர வேண்டிய இடத்தில் மங்கிய இழுவை ஒன்றுதான் இருந்தது. நம் விரல் நுனியிலேயே ஆர்என்ஏவை அறுக்கும் நொதி இருக்கிறது, கொதிக்க வைத்தாலும் எளிதில் செயலிழக்காத நொதி அது. பக்கத்துக் குழாயில் இருந்த டிஎன்ஏ மாதிரி, அதே மேசையில் அதே கையால் திறக்கப்பட்டும், எந்தச் சேதமும் இல்லாமல் இருந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கி வைரஸின் வடிவத்தைக் காட்டும். அந்த வடிவம் எந்தக் குடும்பத்தினுடையது என்பது முன்பே தெரிந்திருந்தால் அதை வைத்து வகையை ஊகிக்கலாம். உள்ளே இருப்பது டிஎன்ஏவா ஆர்என்ஏவா என்பதை அது நேரடியாகச் சொல்லாது. அதற்குச் சாயங்களும் நொதிகளும் தேவைப்பட்டன. அக்ரிடின் ஆரஞ்சு என்ற சாயத்தை வைரஸ் தொற்றிய செல்கள்மீது இட்டு, ஒளிர்வு நுண்ணோக்கியில் நீல ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால், இரட்டை இழை நியூக்ளிக் அமிலம் (டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டுக்கும் பொதுப்பெயர்) பச்சையாகவும் ஒற்றை இழை நியூக்ளிக் அமிலம் செம்மஞ்சளாகவும் ஒளிரும். ஆரோக்கியமான செல்லில் பச்சை உட்கருவைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறச் சைட்டோபிளாசம் தெரியும். பெரியம்மைக் குடும்பத்து வைரஸ் தொற்றிய செல்லில், வழக்கமாகப் பச்சைக்கு இடமே இல்லாத சைட்டோபிளாசத்தில், பச்சைத் தீவுகள் முளைத்திருக்கும். பிறகு அதே மாதிரியின் ஒரு பகுதியை டிஎன்ஏவை மட்டும் கரைக்கும் நொதியிலும், இன்னொரு பகுதியை ஆர்என்ஏவை மட்டும் கரைக்கும் நொதியிலும் நனைத்து, எதில் அந்த ஒளி மறைகிறது என்று பார்ப்பார்கள். நிறம் ஒற்றையா இரட்டையா என்பதைச் சொல்லும். மறைவது எந்த அமிலம் என்பதைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர முடியும், ஏனென்றால் ரோட்டா வைரஸ் போன்ற இரட்டை இழை ஆர்என்ஏ வைரஸ்களும், பார்வோ வைரஸ் போன்ற ஒற்றை இழை டிஎன்ஏ வைரஸ்களும் இருக்கின்றன.

இதைவிட எனக்குப் பிடித்த சோதனை வேறொன்று. புரோமோடிஆக்சியூரிடின் என்ற பொருள், டிஎன்ஏவில் தைமினைச் சேர்க்கப் பயன்படும் தைமிடினைப் போலவே தோற்றமளிக்கும் போலி. அதைச் செல் வளர்ப்புக் குழாய்களில் ஒரு வரிசைக்கு மட்டும் சேர்த்து, மறு வரிசைக்குச் சேர்க்காமல், இரண்டிலும் அடையாளம் தெரியாத வைரஸை இடுவார்கள். கூடவே, வகை ஏற்கெனவே தெரிந்த ஒரு ஹெர்பிஸ் வைரஸும் ஒரு போலியோ வைரஸும் ஒப்பீட்டுக்காக வைக்கப்படும். டிஎன்ஏ எழுதும் வைரஸ் அந்தப் போலியைத் தன் இழையில் சேர்த்துக்கொண்டு கெட்டுப்போகும். அதன் எண்ணிக்கை பத்து மடங்கோ அதற்கு மேலோ சரியும். ஆர்என்ஏ வைரஸுக்குத் தைமினே தேவையில்லை என்பதால் அது பாதிக்கப்படாமல் பெருகும். இதற்குத் துணையாக ஆக்டினோமைசின் டி என்ற மருந்தும் பயன்பட்டது. அது டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ எழுதப்படுவதைத் தடுக்கும். ஆகவே பெரும்பாலான ஆர்என்ஏ வைரஸ்களைத் தொடாது.

‘பெரும்பாலான’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கோழிகளில் புற்றுநோய் உண்டாக்கும் ரவுஸ் சார்கோமா வைரஸின் உள்ளே இருப்பது ஆர்என்ஏ என்பது 1960களில் தெரிந்திருந்தது. ஆனால் அமெரிக்க வைரஸ் ஆய்வாளர் ஹோவர்டு டெமின் ஆக்டினோமைசினைச் சேர்த்தபோது அதன் பெருக்கம் நின்றுவிட்டது. டிஎன்ஏவையே பயன்படுத்தாத வைரஸ், டிஎன்ஏவைத் தடுக்கும் மருந்தால் ஏன் நிற்க வேண்டும்? செல்லுக்குள் அந்த ஆர்என்ஏ டிஎன்ஏவாக மாற்றி எழுதப்படுகிறது என்று டெமின் 1964இல் முன்வைத்த கருத்தைப் பலர் ஏற்கவில்லை. 1970இல் டெமினும் சாதோஷி மிசுதானியும் ஒருபுறமும், டேவிட் பால்டிமோர் தனியாக மறுபுறமும் அந்த நொதியை வைரஸ் துகளுக்குள்ளேயே கண்டுபிடித்தார்கள். தலைகீழ்ப் படியெடுப்பு நொதி என்று அதைச் சொல்கிறோம். 1975ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை டெமினும் பால்டிமோரும் ரெனாட்டோ டுல்பெக்கோவுடன் பகிர்ந்துகொண்டார்கள். வகைப்படுத்துவதற்காக வைத்திருந்த ஒரு சோதனை பொருந்தாத விடையைக் கொடுத்தது. அந்தப் பொருந்தாமையை ஒதுக்கித் தள்ளாமல் பல ஆண்டுகள் அதையே பிடித்துக்கொண்டிருந்த ஒருவரால் எச்ஐவி எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ளும் வழி, எச்ஐவி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே திறந்துவிட்டது.

1971இல் பால்டிமோர் வைரஸ்களை வரிசைப்படுத்திய முறைதான் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. எல்லா வைரஸும் எப்படியாவது தூதுவ ஆர்என்ஏவைத் தயாரித்துச் செல்லின் ரைபோசோமிடம் கொடுத்தே ஆக வேண்டும். அந்த இடத்துக்கு எந்தப் பாதையில் வந்து சேர்கிறது என்பதே அவருடைய அளவுகோல். டெங்கு, சிக்குன்குனியா, போலியோ, ஹெபடைடிஸ் சி, கொரோனா ஆகியவற்றின் ஆர்என்ஏ நேரே தூதுவ ஆர்என்ஏவாகவே செயல்படக்கூடியது. உள்ளே வந்தவுடன் ரைபோசோம் அதைப் படிக்கத் தொடங்கிவிடும். 1956இல் ஜெர்மனியில் கீரரும் ஷ்ராமும் புகையிலைத் தேமல் வைரஸிலிருந்து புரதத்தை நீக்கிவிட்டு ஆர்என்ஏவை மட்டும் இலையில் தேய்த்தபோதும் நோய் வந்ததற்குக் காரணம் இதுதான். ரேபிஸ், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, இன்ஃபுளூயன்சா ஆகியவற்றின் ஆர்என்ஏ, தூதுவ ஆர்என்ஏவுக்கு எதிர்ப்படியாக இருக்கும். அதை ரைபோசோமால் படிக்க முடியாது. ஆகவே அவை நொதிக்கான மரபணுவை மட்டும் கொண்டுவந்தால் போதாது, தயார்நிலையில் உள்ள நொதியையே துகளுக்குள் சுமந்து வருகின்றன. அவற்றின் வெறும் ஆர்என்ஏவைச் செல்லுக்குள் செலுத்தினால் எதுவும் நடக்காது.

டிஎன்ஏ வைரஸ் உட்கருவில், ஆர்என்ஏ வைரஸ் சைட்டோபிளாசத்தில் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்வது பெரும்பாலும் சரிதான். சின்னம்மை, ஹெர்பிஸ், அடினோ வைரஸ்கள் உட்கருவுக்குள் பெருகுகின்றன. வெறிநாயின் மூளைத் திசுவில் காணப்படும் நெக்ரி உருண்டைகள் சைட்டோபிளாசத்தில்தான் இருக்கும். ஆனால் பெரியம்மை வைரஸ் டிஎன்ஏ வைரஸாக இருந்தும் உட்கருவுக்குப் போவதில்லை. ஏறத்தாழ 1,86,000 எழுத்துகள் நீளமுள்ள அதன் மரபுத்தொகுதியில் தனக்கு வேண்டிய நொதிகளுக்கான மரபணுக்களையெல்லாம் அது சொந்தமாக வைத்திருக்கிறது. எதிர்த்திசையில், ஆர்என்ஏ வைரஸான இன்ஃபுளூயன்சா உட்கருவுக்குள்தான் பெருகுகிறது.

இன்றைய ஆய்வகத்தில் சாயமும் போலித் தைமிடினும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. டிஎன்ஏவை மட்டுமே பெருக்கத் தெரிந்த பிசிஆர் முறை இருக்கிறது. ஆர்என்ஏ வைரஸாக இருந்தால் முதலில் அதை டிஎன்ஏவாக மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய ‘ஆர்டி-பிசிஆர்’ என்ற சொல்லில் உள்ள ‘ஆர்டி’ அந்த முதல் படியைத்தான் குறிக்கிறது. அதற்குப் பயன்படும் நொதிகளில் பல, எலிகளைத் தாக்கும் ஒரு ரெட்ரோவைரஸிலிருந்து (தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி எழுதும் வைரஸிலிருந்து) எடுத்துச் செம்மைப்படுத்தப்பட்டவை. டெமினும் பால்டிமோரும் கண்டுபிடித்த அதே வகை நொதி! உங்கள் அப்பாவின் ரத்த மாதிரியில் இந்த முதல் படி இல்லாமலே பிசிஆர் செய்ய முடிந்தது. சித்தப்பாவின் மாதிரியில் அது இல்லாமல் முடியாது. அறிக்கையில் உள்ள இரண்டு வேறு சொற்களுக்கும் காரணம் இதுவே.

இங்கே ஒரு குழப்பத்தைப் போக்கிவிடுகிறேன். இணையத் தரவுத்தளத்தில் கொரோனா வைரஸின் மரபு வரிசையைத் திறந்து பார்த்தால் 29,903 எழுத்துகளும் ஏ, டி, ஜி, சி என்றே எழுதப்பட்டிருக்கும். தொடக்கமே ‘ஏ டி டி ஏ ஏ ஏ ஜி ஜி’ என்றிருக்கும். டி என்பது தைமின் அல்லவா, அப்படியானால் இது டிஎன்ஏ வைரஸா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. டிஎன்ஏவாக மாற்றிய பிறகு வரிசையைப் படிப்பதாலும், எல்லாவற்றையும் ஒரே முறையில் எழுதும் வழக்கம் நிலைத்துவிட்டதாலும் வந்த எழுத்து அது. வைரஸின் உள்ளே அந்த இடங்களில் இருப்பது யுராசில்தான். எழுதிவைத்த வரிசையில் டி இருக்கிறதா என்று பார்த்து வகையை முடிவு செய்யக் கூடாது.

ஆர்என்ஏ வைரஸ்கள் வேகமாக மாறுகின்றன என்பது எல்லோரும் கேள்விப்பட்டதே. காரணம் அவற்றின் நொதி, எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்துவதில்லை. ஒரு செல்லில் ஒருமுறை பெருகும்போது, பத்தாயிரம் எழுத்துக்கு ஒன்று முதல் பத்து லட்சம் எழுத்துக்கு ஒன்று வரை பிழை நேர்கிறது. டிஎன்ஏ வைரஸ்களில் அது பத்து லட்சத்துக்கு ஒன்று முதல் பத்துக் கோடிக்கு ஒன்று வரை. இவ்வளவு பிழையோடு நீண்ட மரபுத்தொகுதியைக் காப்பாற்ற முடியாது என்பதால்தான் ஆர்என்ஏ வைரஸ்கள் பொதுவாகச் சிறியவையாக இருக்கின்றன. அவற்றுள் மிக நீளமானவற்றில் சிலவற்றைக் கொண்ட கொரோனா குடும்பம், விதிவிலக்காகப் பிழை திருத்தும் நொதி ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் ‘ஆர்என்ஏ வைரஸ் மாறிக்கொண்டே இருக்கும், எனவே தடுப்பூசி நிற்காது’ என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. இன்ஃபுளூயன்சாவுக்கு உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடித் தடுப்பூசிக்கான வகைகளைப் பரிந்துரைப்பது உண்மைதான். ஆனால் தட்டம்மையும் ஆர்என்ஏ வைரஸ்தான்; 1954இல் ஒரு சிறுவனிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸின் வழிவந்த தடுப்பூசிகள் இன்றும் பயன்படுகின்றன, ஏனென்றால் அதன் மேற்பரப்புப் புரதங்கள் மாறினால் வைரஸே பிழைப்பதில்லை. மனித குலம் இதுவரை முற்றாக ஒழித்த வைரஸ் நோய்கள் இரண்டு. 1980இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பெரியம்மை டிஎன்ஏ வைரஸ். 2011இல் அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய், தட்டம்மைக்கு மிக நெருங்கிய உறவான ஆர்என்ஏ வைரஸ்.

இன்னொரு தவறான எண்ணம், ஆர்என்ஏ எளிதில் சிதையும் என்பதால் ஆர்என்ஏ வைரஸ்களும் எளிதில் அழியும் என்பது. நான் மேலே சொன்ன சிதைவு, உறையிலிருந்து வெளியே எடுத்த ஆர்என்ஏவுக்கு நேர்வது. வைரஸாக இருக்கும்போது அதைக் காப்பது புரத உறை. சோப்பும் சானிடைசரும் முதலில் கரைப்பது, சில வைரஸ்களுக்கு மட்டும் வெளியே இருக்கும் கொழுப்பு உறையைத்தான். கொரோனாவுக்கு அந்த உறை உண்டு, டிஎன்ஏ வைரஸான ஹெர்பிஸுக்கும் உண்டு. இரண்டும் சோப்புக்குத் தாங்குவதில்லை. குடிநீர் வழியே பரவும் ஹெபடைடிஸ் ஏயும், வயிற்றுப்போக்கு தரும் நோரோ வைரஸும் ஆர்என்ஏ வைரஸ்களே. மலத்தில் வெளியேறும் நிலையில் அவற்றுக்குக் கொழுப்பு உறை கிடையாது, சானிடைசரை நன்றாகவே தாங்கும். வீட்டில் யாருக்காவது இவை வந்தால் கையைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

இனி மூன்றாவது கேள்வி. ஹெபடைடிஸ் சி வைரஸ் சுமார் 9,600 எழுத்துகள் கொண்ட ஆர்என்ஏ. அது கல்லீரல் செல்லின் சைட்டோபிளாசத்தைத் தாண்டுவதில்லை. அதன் வாழ்க்கையில் டிஎன்ஏ என்ற கட்டமே கிடையாது. சோஃபோஸ்புவிர் போன்ற மருந்து அதன் நகலெடுப்பு நொதியை நிறுத்திவிட்டால், ஏற்கெனவே உள்ள ஆர்என்ஏ சில காலத்தில் தானாகச் சிதைந்து தீர்ந்துபோகும், புதியது வராது. உரிய துணை மருந்தோடு 12 வாரங்கள் கொடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கும் மேல் முழுமையாகக் குணமாவது இதனால்தான்.

ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபுத்தொகுதி 3,200 எழுத்துகளே கொண்ட, ஓரிடத்தில் மட்டும் ஒற்றை இழையாக விடுபட்டுப்போன, வட்டமான டிஎன்ஏ. அது உட்கருவுக்குள் போனதும் செல்லின் பழுதுபார்க்கும் நொதிகளே அந்த விடுபட்ட பகுதியை நிரப்பி, முழுமையான மூடிய வட்டமாக்கி விடுகின்றன. அந்த வட்டம் நம் குரோமோசோம்களின் பக்கத்தில், அவற்றைப் போலவே புரதம் சுற்றப்பட்டு, நிலையாகத் தங்கிவிடுகிறது. அதிலிருந்து செல் ஒரு நீண்ட ஆர்என்ஏவைப் படியெடுக்கிறது. அந்த ஆர்என்ஏவை வைரஸின் சொந்த நொதி மறுபடி டிஎன்ஏவாக எழுதுகிறது. அதாவது இந்த டிஎன்ஏ வைரஸும், ஆர்என்ஏ வைரஸான எச்ஐவியும், எதிரெதிர் வாசல்களில் நுழைந்து ஒரே வகை நொதியின் வழியாக நடக்கின்றன. டெனோஃபோவிர் என்ற ஒரே மருந்து இரண்டு நோய்களுக்கும் கொடுக்கப்படுவது அதனால்தான்.

டெனோஃபோவிர் ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ எழுதப்படும் கட்டத்தை மட்டுமே தடுக்கும். உட்கருவில் உட்கார்ந்திருக்கும் வட்டத்தை அது தொடாது. ஆகவே அப்பாவின் அறிக்கையில் ‘எச்பிவி டிஎன்ஏ கண்டறியப்படவில்லை’ என்று வந்தாலும், ரத்தத்தில் புதிய வைரஸ் வரவில்லை என்றுதான் அதற்குப் பொருள். கல்லீரல் செல்களுக்குள் அந்த வட்டம் இருக்கும், மருந்தைத் தாமாக நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அது மீண்டும் வைரஸை வெளியிடத் தொடங்கும், சிலருக்கு அது கடுமையான கல்லீரல் அழற்சியாகவும் முடியும். மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பதை அவருடைய கல்லீரல் மருத்துவர் மேற்பரப்பு ஆன்டிஜென் (ரத்தத்தில் காணப்படும் வைரஸின் மேலுறைப் புரதம்) அளவையும் மற்ற சோதனைகளையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். சித்தப்பாவுக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பு ஹெபடைடிஸ் பி சோதனையும் செய்தார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒருவருக்கே இருந்தால், சி விலகியவுடன் அதுவரை அடங்கியிருந்த பி தலைதூக்குவதுண்டு.